தாளை அவர்கள் கையில் கொடுங்கள்

கேள்வி: மகளிர் சுயஉதவிக் குழுக்கள் வரவு செலவு எழுத ஒரு மொபைல் செயலி வடிவமைக்கிறோம். நாங்கள் சென்னையில், குழுக்கள் தருமபுரிப் பக்கத்துக் கிராமங்களில். அடிக்கடி போய்வர முடியாததால், ஜூமில் திரையைக் காட்டிக் கருத்துக் கேட்கிறோம். எல்லோரும் "நல்லா இருக்குங்க" என்கிறார்கள். அதற்குமேல் பேச்சு நகரவில்லை. என்ன செய்யலாம்?

- வாசகி, சென்னை

பதில்: முடித்து மெருகேற்றிய திரையைப் பத்துப் பேர் நடுவில் காட்டினால், குறை சொல்ல யாருக்கு மனம் வரும்? அபிப்பிராயம் கேட்பதை விடுங்கள். வேலையிலேயே பங்கு கொடுங்கள்.

ஸ்காண்டிநேவிய நாடுகளில் 1981-ல் தொடங்கிய 'யுடோப்பியா' திட்டத்தில், பத்திரிகை அச்சுத் தொழிலாளர்கள் தங்களுக்கான கணினிக் கருவிகளை ஆய்வாளர்களோடு சேர்ந்தே வடிவமைத்தார்கள். லேசர் பிரிண்டருக்குப் பதிலாக ஒரு காலி அட்டைப்பெட்டி. அதன்மேல் பிரிண்டரின் பெயரை எழுதிவைத்து வேலையை நடத்திப் பார்த்தார்கள். அட்டைதானே, மாற்றச் சொல்லக் கூச்சமில்லை.

தூரத்தில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். 1990-களின் இறுதியில் வடிவமைப்பு ஆய்வாளர் பில் கேவரின் குழுவினர் ஆஸ்லோ, ஆம்ஸ்டர்டாம், இத்தாலியின் பெச்சோலி ஆகிய இடங்களில் முதியவர்களிடம் தபால் அட்டை, வரைபடம், கேமரா எல்லாம் கொடுத்துவிட்டு வந்தார்கள். முதியவர்களும் தங்கள் வசதிப்படி நிரப்பி அனுப்பினார்கள்.

நீங்களும் செயலியின் திரைகளை ஏ4 தாளில் வெறும் கோடுகளாக அச்சிட்டு, பென்சில், ரப்பரோடு குழு ஊக்குநருக்குத் தபாலில் அனுப்புங்கள். போன மாதச் சேமிப்பையும் உள்கடன் தவணையையும் குழு நோட்டைப் பார்த்து அதில் எழுதச் சொல்லுங்கள். பெயர்களை மறைத்துவிட்டு, போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பட்டும். எங்கே அடித்தல் திருத்தல் இருக்கிறது, எந்தக் கட்டம் காலியாக நிற்கிறது, எதை ஓரத்தில் நெருக்கி எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். செயலியின் கோளாறு அங்கேதான் தெரியும்.

அதன்பிறகு, இரண்டு பேர் மூன்று பேராக, வேலை முடிந்த சாயங்காலத்தில் போனில் பேசுங்கள். "பிடிச்சிருக்கா?" என்று கேட்காமல், "இந்த இடத்தில் ஏன் அடிச்சீங்க?" என்று கேளுங்கள். தட்டச்சு சிரமமென்றால் குரல் பதிவு போதும். அடுத்த பிரதியை அனுப்பும்போது, யார் சொல்லி எது மாறியது, எதை ஏன் மாற்றவில்லை என்பதையும் சொல்லிவிடுங்கள்.

செலவான நேரத்துக்கு உரிய பணத்தை ரீசார்ஜ் செலவோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். வடிவமைப்பாளருக்குச் சம்பளம் உண்டென்றால், கூட உட்கார்ந்து வடிவமைத்தவருக்கும் உண்டு.