மூன்று நாள் முகாமும் மீதி வருடமும்

அன்புள்ள பெறாமகனுக்கு,

உங்கள் சேகரத்து வாலிபர் ஐக்கியத்துக்கு உன்னைச் செயலாளராகத் தெரிவுசெய்திருக்கிறார்கள் என்று அறிந்து மெத்த மகிழ்ச்சி. ஆகஸ்ட் விடுமுறையில் மூன்று நாள் முகாம் நடத்தப்போவதாக எழுதி, யோசனையும் கேட்டிருக்கிறாய். நீ அனுப்பிய நிகழ்ச்சி நிரலை ஆறுதலாக இருந்து வாசித்தேன். வெள்ளிக்கிழமை பின்னேரத் தேத்தண்ணீர் தொடங்கி ஞாயிறு மத்தியானச் சாப்பாடு வரை ஒரு மணித்தியாலமும் வீண்போகாமல் வகுத்திருக்கிறாய். பேச்சாளர் யார், எந்தப் பாட்டுக்கு எவர் கிற்றார், தீ மூட்டிச் சாட்சி சொல்லும் இரவு எத்தனை மணிக்கு என்பதெல்லாம் இருக்கிறது. ஞாயிறு மத்தியானத்துக்குப் பிறகு அந்தத் தாளில் ஒரு வரியும் இல்லை. எனக்குச் சொல்ல இருப்பது அந்த இல்லாத வரிகளைப் பற்றித்தான். முகாமுக்கு முன்னர் முகாமுக்குப் பிந்திய வருடத்தைத் திட்டமிடு. அது இயலாது என்றால் முகாமை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவை. கடுமையாகச் சொல்கிறேன் என்று நினைப்பாய். காரணத்தைச் சொல்கிறேன், பொறுமையாகக் கேள்.

நாம் மெதடிஸ்தர் என்று பெயர் சொல்லும் இந்த மரபு எப்படி நிலைத்தது என்று பார். 1739ஆம் ஆண்டில் பிறிஸ்டலுக்குப் பக்கத்துக் கிங்ஸ்வூட்டில், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளருக்குத் திறந்தவெளியில் பிரசங்கம் செய்யத் தொடங்கியவர் ஜோர்ஜ் விற்பீல்ட். அவர் அழைத்துத்தான் நம் மரபின் தந்தை ஜோன் வெஸ்லி அங்கே போனார். அந்த ஏப்ரலில், தயங்கித் தயங்கி, வெளியில் நின்று பேசினார். குரலிலும் நாவன்மையிலும் விற்பீல்ட்டே பெரியவர் என்று அந்தக் காலத்தவர் பலரும் ஒத்துக்கொண்டார்கள். அவர் பேசினால் ஆயிரக்கணக்கில் கூடினார்கள், அழுதார்கள், மனந்திரும்பினார்கள். ஆனால் 1791இல் வெஸ்லி இறந்தபோது பிரித்தானியாவிலும் அயர்லாந்திலுமாக 70,000க்கு மேற்பட்டவர்கள் அவருடைய சங்கங்களில் பெயர் பதிந்த உறுப்பினராக இருந்தார்கள். விற்பீல்ட்டுக்குப் பின் அப்படியொரு மக்கள் கூட்டம் ஒன்றாக நிற்கவில்லை. பேச்சில் குறைந்தவருடைய பலன் ஏன் நிலைத்தது? வெஸ்லியே இதை யோசித்திருக்கிறார். 1763இல் வேல்ஸின் பெம்புரோக்ஷயருக்குப் போனபோது, அங்கே இருபது வருடமாகப் பிரசங்கம் நடந்தும், கேட்டவர்களைச் சேர்த்துக் கட்டும் ஒழுங்கு இல்லாதபடியால், ஒருகாலம் விழித்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் முன்னையிலும் ஆழ்ந்து தூங்கிவிட்டார்கள் என்று தம் நாட்குறிப்பில் மனம் நொந்து எழுதினார். சேர்த்து வைத்துப் பராமரிக்க வழியில்லாத இடத்தில் ஆட்களை எழுப்பிவிட்டுப் போவது அவர்களுக்குத் தீங்கு என்பது அவர் முடிவு. உன் முகாமிலும் பிள்ளைகள் எழும்புவார்கள். அதில் எனக்குச் சந்தேகமில்லை. எழும்பினவர்கள் திங்கட்கிழமை யாரிடம் போவார்கள்?

வெஸ்லியின் ஒழுங்கு எங்கிருந்து வந்தது என்பதையும் நீ அறிந்திருக்க வேண்டும். பிறிஸ்டலில் கட்டிய கூடத்துக்குக் கடன் நின்றது. 1742 பெப்ரவரியில் அந்தக் கடனைத் தீர்ப்பது எப்படி என்று கூடிப் பேசினார்கள். ஆளுக்குக் கிழமைக்கு ஒரு பென்னி கொடுக்கலாம் என்றார் ஒரு கப்பல் தலைவர். அநேகர் ஏழைகள், அவர்களால் முடியாதே என்று இன்னொருவர் சொன்னார். அப்படியானால் மிக வறிய பதினொரு பேரை என்னிடம் விடுங்கள், கிழமைக்கு ஒருமுறை அவர்கள் வீட்டுக்குப் போவேன், கொடுக்க முடியாதவருக்கு நானே போடுவேன் என்றார் அந்தக் கப்பல் தலைவர். மற்றவர்களும் அப்படியே பதினொரு பேரைப் பொறுப்பெடுத்தார்கள். பென்னி வாங்க வீடு வீடாகப் போனவர்கள் வேறு விஷயங்களையும் கண்டார்கள். ஒரு வீட்டில் சண்டை, ஒரு வீட்டில் குடி, ஒரு வீட்டில் நோய். இதுதான் நமக்கு இதுவரை இல்லாதிருந்தது என்று வெஸ்லிக்கு அப்போது விளங்கியது. வீட்டுக்கு வீடு போவதற்கு நேரம் போதவில்லை. பிறர் வீட்டில் வேலைக்கு நின்றவர்களைச் சந்திக்க எசமான்கள் விடவில்லை. அதனால் பொறுப்பாளரும் அவருடைய பதினொரு பேருமாகப் பன்னிருவரும் ஓரிடத்தில் கூடத் தொடங்கினார்கள். வகுப்புக் கூட்டம் பிறந்த கதை இவ்வளவுதான். பெரிய இறையியல் ஆலோசனை ஒன்றும் அங்கே நடக்கவில்லை. கடன் அடைக்கப் போன இடத்தில் மனிதரின் வீட்டுக் கதவு திறந்தது. பல வகுப்புகளைப் பெண்கள் நடத்தினார்கள் என்பதையும் நினைவில் வைத்துக்கொள், பொறுப்புகளைப் பங்கிடும்போது உதவும்.

இதற்கு நீ சொல்லக்கூடிய முதல் மறுப்பு எனக்குத் தெரியும். பரிசுத்த ஆவியானவர் முகாமில் அசைவாடுகிறார், எத்தனையோ ஊழியர்களின் அழைப்பு முகாமில்தானே பிறந்தது என்பாய். உண்மை. முகாம் கூட்டங்களை எதிர்த்த மெதடிஸ்தர் பிழைவிட்டார்கள் என்பதே என் எண்ணமும். 1807 மே மாதம் இங்கிலாந்தின் மௌ கொப் குன்றில் ஹியூ போர்னும் தோழர்களும் நாள் முழுவதும் திறந்தவெளி ஜெபக் கூட்டம் நடத்தினார்கள். அதே வருடம் வெஸ்லிய மாநாடு அப்படிப்பட்ட கூட்டங்கள் தகாதவை என்று தீர்மானித்தது. கடைசியில் பிறிமிற்றிவ் மெதடிஸ்தர் என்ற தனிச் சபையே உருவானது. ஆனால் முகாமுக்காகச் சபையை விட்டு வெளியே நின்ற அந்த மனிதர்கள், 1811இல் தங்களுக்கென்று வகுப்புகளின் உறுப்பினர் சீட்டுகளை அச்சிட்டார்கள். முகாமின் அருமையை அவர்களைவிட அறிந்தவர் இல்லை; முகாம் மட்டும் போதாது என்பதையும் அவர்களே அறிந்திருந்தார்கள். இன்னொன்று. நாம் வருடந்தோறும் நினைவுகூரும் 1738 மே 24ஆம் திகதி மனமாற்ற அனுபவம் வெஸ்லிக்கு எங்கே கிடைத்தது? அல்டர்ஸ்கேற் வீதியில், ஒரு புதன்கிழமை இரவு, விருப்பமில்லாமல் போன ஒரு சிறு சங்கக் கூட்டத்தில். அங்கே ஒருவர் புத்தகத்திலிருந்து முன்னுரை ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தார். ஆவியானவர் பெரிய கூட்டத்துக்கு மட்டும் வருபவரல்லர். வன்னியில் மழையைப் பார்த்து மட்டும் யாரும் விதைப்பதில்லை, குளக்கட்டு நிற்கிறதா என்று போய்ப் பார்த்துவிட்டுத்தான் விதைப்பார்கள். அவ்வளவுதான் நான் கேட்பது.

இரண்டாவது மறுப்பு நேரம். உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்குச் சனியும் ஞாயிறும் ரியூசன். வேலைக்குப் போகிறவர் இரவு வீடு திரும்பவே நேரமாகிறது. இந்தப் பிள்ளைகளை ஒவ்வொரு கிழமையும் எப்படிக் கூட்டுவது? இது நியாயமான கேள்வி, தட்டிக்கழிக்க மாட்டேன். ஆனால் வகுப்புக் கூட்டத்தின் முதல் ஆட்கள் விடுமுறையில்லாத கூலிகளும் வேலைக்காரரும். அவர்களுக்கு நேரம் இருந்ததால் கூடவில்லை. கூடுவதற்குத் தக்கதாகக் கூட்டத்தைச் சிறிதாக்கினார்கள். ஐந்தாறு பேர், முக்கால் மணித்தியாலம், ஒருவர் வீட்டு விறாந்தை. பிரசங்கம் வேண்டாம், சிற்றுண்டி வேண்டாம், கிற்றார் வேண்டாம். இந்தக் கிழமை உன் ஆத்துமா எப்படியிருந்தது என்ற கேள்வி ஒன்று, அதற்கு நேர்மையான மறுமொழி, ஒரு வேத பகுதி, ஒருவருக்காக ஒருவர் ஜெபம். பரீட்சை நெருங்கும் பிள்ளையை வராதே என்று நீயே சொல்லி, குழுவில் ஒருவர் அவன் வீட்டுப் படலையில் நின்று இரண்டு நிமிடம் பேசிவிட்டு வரட்டும். அந்த இரண்டு நிமிடமும் வகுப்புக் கூட்டந்தான். கொழும்புக்கோ கனடாவுக்கோ போய்விட்டவரைக் குழுவிலிருந்து வெட்டாதே. புலம்பெயர்வு நம் வாலிபர் ஐக்கியங்களை எவ்வளவு வெறுமையாக்கியது என்பது உனக்குத் தெரியும். கைபேசியில் ஒரு குரல் கிழமைக்கு ஒருமுறை பெயர் சொல்லி விசாரித்தால், போன இடத்திலும் அவர் ஒரு சபையைத் தேடுவார்.

மூன்றாவது மறுப்பை நீ எழுதமாட்டாய், ஆனால் அதுதான் கனமானது. சின்ன ஊரில் வெள்ளிக்கிழமை குழுவில் சொன்னது ஞாயிறு ஆராதனைக்கு முன் ஊருக்குத் தெரிந்துவிடும். பிள்ளைகளை மனந்திறக்கச் சொல்லிவிட்டு அவர்களை அவமானத்துக்கு ஆளாக்குவது பாவம். வெஸ்லியின் காலத்திலேயே இந்தப் பயம் இருந்தது. அதனால்தான் இன்னும் நெருக்கமான சிறு குழுக்களில் ஆண்களும் பெண்களும், மணமானவர்களும் ஆகாதவர்களும் தனித்தனியே கூடினார்கள். நீயும் அப்படியே செய். பாவ அறிக்கையை ஒருவரிடமிருந்தும் பிடுங்காதே. தீயைச் சுற்றி இருக்கும் இரவில், அழுதுகொண்டிருக்கும் பதினாறு வயதுப் பிள்ளையிடம் ஒலிவாங்கியை நீட்டவே நீட்டாதே. அந்தப் பிள்ளை அந்த இரவில் சொல்வதை அடுத்த பத்து வருடம் சுமக்க வேண்டிவரும். குழுவில் கேட்டதை வெளியே பேசினால் பொறுப்பிலிருந்து விலக வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடு. அதோடு ஒரு விதிவிலக்கையும் எல்லோர் முன்னிலையிலும் சொல்லு: ஒரு பிள்ளையை யாராவது அடிக்கிறார்கள், தகாதபடி தொடுகிறார்கள், அல்லது ஒரு பிள்ளை உயிரை மாய்க்க நினைக்கிறது என்று தெரியவந்தால் அது இரகசியமல்ல, அன்றைக்கே நம்பிக்கையான பெரியவரிடமும் உரிய அதிகாரிகளிடமும் போகவேண்டியது. குற்றம் சாட்டப்படுபவர் சபையில் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் இது மாறாது. இந்த ஒழுங்கை ஏற்காத ஒருவரைக் குழுத் தலைவராக வைக்காதே.

வகுப்புக் கூட்டமும் 19ஆம் நூற்றாண்டில் தேய்ந்துதானே போனது என்று வரலாறு படித்த யாராவது உன்னிடம் கேட்கலாம். தேய்ந்ததுதான். கிழமைதோறும் அதே ஆள் அதே சாட்சியை அதே சொல்லில் சொல்லத் தொடங்கியதும், வராதவரைத் தேடிப் போவதை நிறுத்தியதும் அதை வெறும் சடங்காக்கின. கேள்வி உயிரோடு இருக்க வேண்டும். தேடிப் போகும் கால் இருக்க வேண்டும்.

இனி முகாமைப் பற்றி. வீட்டையும் கைபேசியையும் விட்டு மூன்று நாள் ஒன்றாக இருப்பதில் பலன் உண்டு. கிளிநொச்சிப் பிள்ளையும் பருத்தித்துறைப் பிள்ளையும் மட்டக்களப்புப் பிள்ளையும் ஒரே பாயில் படுத்து எழும்புவது வேறெங்கும் நடக்காது. அந்த மூன்று நாளை எப்படி நடத்துவது என்பதற்கு மெதடிஸ்த மிஷனரி ஸ்ரான்லி ஜோன்ஸ் 1930இல் இந்தியாவின் குமாவூன் மலைகளில் சாத்தாலில் தொடங்கிய ஆச்சிரமத்தைப் பார். முதல் அமர்விலேயே ஒவ்வொருவரும் மூன்று கேள்விக்கு மறுமொழி சொல்வார்கள்: ஏன் வந்தாய், என்ன விரும்புகிறாய், உனக்கு உண்மையில் என்ன தேவை. போதகரும் சொல்லவேண்டும், விருந்தாளியும் சொல்லவேண்டும். அங்கே உடலுழைப்பு எல்லோருக்கும் பொது. துப்புரவுத் தொழிலாளிக்கு ஓய்வு கொடுத்துவிட்டு அவர் வேலையை ஆச்சிரமத்தார் தாங்களே முறைவைத்துச் செய்தார்கள். இதை நம் சபைகளில் சொல்லுவதற்குக் காரணம் உண்டு. ஒரே பாத்திரத்தில் திருவிருந்து எடுக்கும் நாம், கலியாணம் பேசும்போது சாதி கேட்கிறோம். முகாமில் யார் சமைக்கிறார்கள், யார் கக்கூசு கழுவுகிறார்கள், யார் கதிரையில் இருந்து பாட்டுத் தெரிவுசெய்கிறார்கள் என்பதைப் பார்த்தால் அந்தச் சபையின் உண்மை நிலை தெரிந்துவிடும். உன் நிரலில் சமையலும் துப்புரவும் கூலிக்கு விடப்பட்டிருக்கின்றன. அவற்றை எடுத்துப் பிள்ளைகளிடம் கொடு. பேச்சாளருக்கும் ஒரு முறை போடு. சில பெற்றோர் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும். பொருட்களின் விலை ஏறியிருக்கும் இந்த நாட்களில், மிச்சமாகும் காசில் கட்டணம் கட்ட வழியில்லாத நாலைந்து பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகலாம்.

பெரிய மேடையும் ஒளிவிளக்கும் உரத்த இசையும் வைத்திருக்கும் கூட்டங்களுக்கு நம் பிள்ளைகள் போகிறார்கள், அவர்களுக்கு ஈடாக நாமும் செய்யாவிட்டால் இழந்துவிடுவோம் என்று உன் குழுவில் சிலர் வாதிடுவதாக எழுதியிருக்கிறாய். அந்தப் போட்டியில் நம்மால் வெல்ல முடியாது, வெல்லவும் தேவையில்லை. பெயர் தெரிந்து, வராவிட்டால் தேடி வரும் ஐந்து பேர் உள்ள இடத்தை ஒரு பிள்ளை இலகுவில் விட்டுப் போகாது.

ஆகையால் பஸ்ஸுக்கும் மண்டபத்துக்கும் முற்பணம் கட்டுமுன் ஒரு வேலை செய். குழு நடத்தக்கூடிய ஆறு பேரைத் தெரிவுசெய். மூன்று பேராவது பெண்பிள்ளைகளாக இருக்கட்டும். உங்கள் போதகர் முகாமுக்கு முன் இரண்டு மாதம் அந்த அறுவரையே ஒரு குழுவாகக் கூட்டி நடத்தட்டும். முகாமுக்கு வரும் ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கு நேரே, திங்கட்கிழமைக்குப் பிறகு அந்தப் பிள்ளையைப் பொறுப்பெடுப்பவரின் பெயரை எழுது. ஜனவரியில் உடன்படிக்கை ஆராதனை வரும்போது எத்தனை குழு இன்னும் கூடுகிறது என்று எண்ணிப் பார்த்து, முகாமின் அறிக்கையை அன்றைக்குச் சேகரக் கூட்டத்துக்கு எழுது, ஆகஸ்டில் எழுதாதே. அந்த அறுவரின் பெயரை எனக்கும் அனுப்பிவை, ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி ஜெபிப்பேன்.

கிறிஸ்துவுக்குள் அன்புள்ள,
உன் பெரியப்பா