தொழில் பாடம்: சாயம் அடிக்கத் தெரியும், வேலை எங்கே கிடைக்கும்?



ஒரு தம்பியை நினைத்துப் பாருங்கள். ஆறு வருடம் ஒரு தௌக்கேயிடம் சாயம் அடித்தான். கைவேலை சுத்தம். 'இனி சொந்தமாகச் செய்வோம்' என்று வெளியே வந்தான். ஆயிரம் துண்டறிக்கை அச்சடித்துத் தாமான் தாமானாகப் போட்டான். ஒரு மாதமாகியும் போன் வரவில்லை. அம்மா, "பழைய வேலைக்கே போயிடுப்பா" என்கிறார். அவன் தோற்றுவிட்டானா? இல்லை, பாதித் தொழிலைத்தான் கற்றிருக்கிறான். மீதியை இன்று படிப்போம்.

1. பெயரைப் பதியுங்கள்

மலேசியாவில் தனிநபர் வணிகத்தை எஸ்.எஸ்.எம்.மில் பதிய, சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 ரிங்கிட். வணிகப் பெயர் வைத்தால் 60 ரிங்கிட். 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் பதிய வேண்டும். பதிவு எண் இருந்தால் முன்பணம் கொடுப்பவருக்கும் தயக்கம் குறையும்.

2. அடித்த வீடே விளம்பரம்

முதல் வேலை உங்கள் சித்தப்பா வீடாகவே இருக்கட்டும். அடிப்பதற்கு முன்னும் பின்னும் ஒரே இடத்தில் நின்று படம் எடுங்கள். வீட்டுக்காரரிடம் கேட்டு, வேலை நடக்கும் நாட்களில் கேட்டில் சின்னப் பலகை மாட்டுங்கள்.

ஒரே வரிசைத் தெரஸ் வீடுகள் ஒரே காலத்தில் கட்டியவை. ஒரு வீட்டில் சாயம் மங்கினால் பக்கத்து வீடுகளிலும் மங்கியிருக்கும். எனவே வேலை முடிந்ததும் இரு பக்கமும் பத்துப் பத்து வீட்டுக்குப் போய், "அங்க அடிச்சது நான்தான்கா, வந்து பாருங்க" என்று சொல்லி அட்டை கொடுங்கள். கண்ணால் பார்க்கும் சுவரைத் துண்டறிக்கையால் காட்ட முடியுமா?

மின்கம்பத்தில் ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். நகராண்மைக் கழக அனுமதி இல்லாத விளம்பரத்துக்கு அபராதம் வரலாம். உங்களைத் தேட வேண்டிய சிரமமும் இல்லை, நம்பரை நீங்களே எழுதி வைத்திருக்கிறீர்களே!

3. கைப்பேசியைப் பயன்படுத்துங்கள்

கூகல் வணிகப் பக்கமும் வாட்ஸ்அப் பிசினஸும் இலவசம். எந்த வட்டாரத்தில் வேலை செய்கிறீர்கள் என்று தெளிவாக எழுதுங்கள். வேலை முடிந்த வீட்டாரிடம் இரண்டு வரி கருத்து கேளுங்கள். நண்பர்களை வைத்துப் பொய்க் கருத்து போடவே கூடாது.

4. காலம் அறியுங்கள்

தீபாவளி, சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள் மூன்றுக்கும் முன்னால் சாய வேலை கூடும். இரண்டு மாதம் முன்பே விளம்பரம் செய்யுங்கள். இடைப்பட்ட மாதங்களில், வாடகைக்கு ஆள் மாறும் வீடுகளின் உரிமையாளர்களைப் பாருங்கள்.

5. விலையை எழுதிக் கொடுங்கள்

10க்கு 12 அடி அறை, சுவர் 10 அடி உயரம் என்றால்: 2 × (10 + 12) × 10 = 440 சதுர அடி. ஏறக்குறைய 41 சதுர மீட்டர். இரண்டு பூச்சுக்கு 82. ஒரு லிட்டர் சாயம் 10 சதுர மீட்டருக்கு வரும் என்று வைத்தால், சுமார் 8 லிட்டர் வேண்டும். கதவு, ஜன்னல் போக இன்னும் குறையும். இந்தக் கணக்கோடு சாயத்தின் வகை, எத்தனை பூச்சு, சீலர் உண்டா, எத்தனை நாள், முன்பணம் எவ்வளவு என எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள்.

கடைசியாக ஒன்று. பண்டிகை நேரத்தில் ஐந்து வீட்டில் முன்பணம் வாங்கி, மூன்று வீட்டை மட்டும் முடித்தால் என்ன ஆகும்? இரண்டு குடும்பம் பாதிச் சுவரோடு தீபாவளி கொண்டாடும். அந்தப் பேச்சு எந்த விளம்பரத்தையும் விட வேகமாகப் பரவும். "இந்த மாசம் முடியாதுக்கா, அடுத்த மாசம் செஞ்சு தரேன்" என்று சொல்லப் பழகுங்கள். அந்த அக்கா காத்திருப்பார், நாலு பேரிடமும் சொல்வார்.

செய்து பாருங்கள்

• உங்கள் வீட்டு வரவேற்பறைக்கு எத்தனை லிட்டர் சாயம் வேண்டும்? கணக்கிடுங்கள்.
• உங்கள் தாமானில் சாயம் மங்கிய பத்து வீடுகளைக் குறியுங்கள். முதலில் எந்தக் கதவைத் தட்டுவீர்கள், ஏன்?