சோதிடத்தின் வேர்

வேதத்தின் ஆறு அங்கங்களுள் ஒன்று சோதிடம். வேள்விக்குரிய காலத்தைச் சூரிய சந்திரர் இயக்கங்கொண்டு கணிப்பதே அதன் முதற்பணி. லகதர் மரபில் வந்த வேதாங்க சோதிடம் ஐந்தாண்டு யுகத்தையும் 27 நட்சத்திரங்களையும் கூறும், சாதகபலன் கூறாது. இராசியும் லக்கினமும் கொண்ட பிறப்புச் சாதகம் பின்னாளில் யவனர் தொடர்பால் வளர்ந்தது. 6ஆம் நூற்றாண்டினரான வராகமிகிரர் யவனர் கருத்துகளையும் தம் பிருகத் சாதகத்தில் எடுத்தாண்டார்.

திருவிழாவுக்குத் திதியும் நட்சத்திரமும் பார்ப்பது அப்பழம்பணியின் தொடர்ச்சியே. எனினும் நாளும் கோளும் அடியாரைத் தடுப்பனவல்ல. கோள்நிலை தீயதெனத் திருநாவுக்கரசர் திருமறைக்காட்டில் தடுத்தபோது, திருஞானசம்பந்தர் கோளறு பதிகம் அருளி மதுரைக்குப் புறப்பட்டதைப் பெரியபுராணம் உரைக்கும். ஆகவே கோள்களுக்கு அஞ்சாது, உரிய காலத்தில் இறைவனை வழிபட்டு அன்பர்கள் நலம் பெறுவார்களாக.