இரண்டு வயதுப் பிள்ளை: பேச்சு வருகிறதா, காது கேட்கிறதா?



உங்கள் பிள்ளைக்கு இரண்டு வயது நிறையப் போகிறது. கைக்குள் அடங்கிக் கிடந்த குழந்தை இன்று வாசலைத் தாண்டி ஓடுகிறது. பந்தைக் கண்டால் உதைக்கிறது. திண்ணைப் படியில் ஏறுகிறது. சோற்றைத் தானே அள்ளி, பாதி வாயிலும் பாதி மார்பிலுமாகத் தின்கிறது. சட்டை மாட்டப் போனால் "நானே, நானே" என்கிறது. இந்த ஓட்டமும் ஆட்டமும் எல்லோர் கண்ணிலும் படும். நடை தாமதமானால் பக்கத்து வீட்டுக்காரர்கூடக் கேட்டுவிடுவார். பேச்சு தாமதமானால் மட்டும், "வரும், வரும், எங்கே போகப்போகுது" என்று எல்லோரும் சமாதானம் சொல்கிறார்கள். ஆகவே இந்தப் பாடத்தில் பிள்ளையின் பேச்சைப் பற்றியும், பேச்சுக்கு வாசலாகிய காதைப் பற்றியும் பார்ப்போம்.

எந்த அளவு பேச வேண்டும்?

ஒரு வயதை ஒட்டி "அம்மா", "அப்பா" என்று வரும். ஒன்றரை வயதில் அதற்கு மேலும் சில சொற்கள் சேரும். இரண்டு வயது நிறையும்போது பல பிள்ளைகள் சுமார் 50 சொற்கள் பேசும். எண்ணிக்கையைவிட முக்கியமான அடையாளம் ஒன்று உண்டு. இரண்டு சொற்களைச் சேர்த்துச் சொல்கிறதா என்று கவனியுங்கள். "பால் வேணும்", "அப்பா வா", "மாடு போச்சு" என்றால் போதும். உச்சரிப்பு சுத்தமாக இருக்க வேண்டியதில்லை. சோறு "தோறு" ஆனாலும் அது ஒரு சொல்தான்.

பேசுவதோடு, சொன்னது புரிகிறதா என்றும் பாருங்கள். "மூக்கு எங்கே?" என்றால் தொட்டுக் காட்ட வேண்டும். கையால் சாடை காட்டாமல், "செம்பை எடுத்துட்டு வா" என்றால் எடுத்து வர வேண்டும். தனக்கு வேண்டியதை விரலால் சுட்டிக் காட்ட வேண்டும்.

பிள்ளைக்குப் பிள்ளை கொஞ்சம் முன்பின் இருக்கும், உண்மைதான். ஆனால் இரண்டு வயது நிறைந்தும் இரு சொற்கள் சேரவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் முகம் பார்க்காத பிள்ளை, விரல் நீட்டிக் காட்டாத பிள்ளை, முன்பு பேசிய சொற்களை இப்போது மறந்துவிட்ட பிள்ளை, இவர்களை இரண்டு வயது வரைகூடக் காத்திராமல் உடனே அழைத்து வாருங்கள்.

"ஆம்பளைப் பிள்ளை மெதுவாத்தான் பேசும்"

இது ஊரெல்லாம் சொல்லும் பேச்சு. "அவங்க அப்பாவே நாலு வயசுலதான் பேசினாராம்" என்பார் மாமியார். "அட, இதுக்குப் போய் கவலைப்படுறியே" என்பார் கணவர். ஆண் பிள்ளைகள் பேச்சில் சற்றே பிந்துவது உண்டு. அது சிறிய வித்தியாசம். வருடக் கணக்கில் காத்திருக்க அது காரணம் ஆகாது. வசம்பை உரைத்து நாக்கில் தடவுகிறார்கள், தேன் தடவுகிறார்கள். நாக்கில் எதைத் தடவினாலும் காதுக்குள் போகாத சொல் வாயிலிருந்து வராது. கோயில் வேண்டுதல் இருக்கட்டும். அதோடு காதுப் பரிசோதனையும் நடக்கட்டும்.

ஏன் இவ்வளவு அவசரப்படுத்துகிறோம்? பிள்ளையின் மூளை பேச்சைப் பிடித்துக்கொள்ளும் சிறந்த காலம் முதல் சில வருடங்கள்தான். அந்தக் காலத்தில் ஒலி உள்ளே போகவில்லை என்றால், பிறகு கருவி வைத்தாலும் பேச்சுப் பழக்குவது கடினமாகிவிடுகிறது. இரண்டு வயதில் கண்டுபிடித்த குறையும், பள்ளியில் சேர்க்கும்போது கண்டுபிடித்த குறையும் ஒன்றல்ல.

வீட்டில் எப்படிக் கவனிப்பது?

பல பெற்றோர் தகர டப்பாவைத் தட்டிப் பார்த்து, "திரும்பிப் பார்க்கிறானே, காது நல்லாத்தானே கேக்குது" என்று விட்டுவிடுகிறார்கள். இது போதாது. பலத்த சத்தம் கேட்டு, மெல்லிய பேச்சு கேளாத பிள்ளைகள் உண்டு. தரை அதிர்வதை உணர்ந்தும், நிழல் அசைவதைக் கண்டும் திரும்பும் பிள்ளைகளும் உண்டு.

பிள்ளை விளையாடும்போது, அது பார்க்காதபடி பின்பக்கமாக நாலடி தள்ளி நின்று, சாதாரணக் குரலில் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். பிறகு மெதுவான குரலில் கூப்பிடுங்கள். ஒருநாள் பார்த்தது போதாது. வேறு வேறு நேரங்களில் பாருங்கள். பலமுறை கூப்பிட்டும் திரும்பவில்லை என்றாலும், உங்கள் வாயையே உற்றுப் பார்த்துப் புரிந்துகொள்கிறது என்றாலும் சந்தேகப்பட வேண்டும். வீட்டுச் சோதனையில் நன்றாகத் திரும்பும் பிள்ளைக்கும் பேச்சு வரவில்லை என்றால், "காது கேக்குது, அது போதும்" என்று இருந்துவிடாதீர்கள். மருத்துவமனையில் பிள்ளை தூங்கும்போதே கருவி வைத்துக் காதைச் சோதிக்கிறார்கள். வலி இல்லை, ஊசி இல்லை.

காரணங்கள் பல. பிறந்தவுடன் அழாத குழந்தை, எடை மிகக் குறைவாகப் பிறந்த குழந்தை, கடுமையான மஞ்சள் காமாலை கண்ட குழந்தை, மூளைக் காய்ச்சல் வந்த குழந்தை ஆகியோருக்குக் காது பாதிக்கலாம். கர்ப்ப காலத்தில் தாய்க்கு ரூபெல்லா என்னும் தட்டம்மை போன்ற நோய் வந்தாலும் வயிற்றுப் பிள்ளைக்குக் கேடு. 2017-ல் தமிழ்நாட்டில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி சேர்க்கப்பட்டது இதற்காகவும்தான். இதன் இரண்டாவது தவணை 16 முதல் 24 மாதத்துக்குள். உங்கள் பிள்ளைக்குப் போட்டாயிற்றா? அட்டையை எடுத்துப் பாருங்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அக்காள் மகள், மாமன் மகள், அத்தை மகன் என்று நெருங்கிய சொந்தத்தில் மணம் முடித்தவர்களின் பிள்ளைகளுக்குப் பிறவிக் காது கேளாமை வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். எல்லோருக்கும் வரும் என்பதல்ல. நீங்கள் சொந்தத்தில் கட்டியவர்கள் என்றால் பிள்ளையின் காதைக் கூடுதல் கவனத்தோடு பாருங்கள் என்பதே விஷயம். இதில் தாயைக் குறை சொல்வது அறியாமை.

காதில் சீழ் வடிந்தால் எண்ணெய் காய்ச்சி ஊற்றாதீர்கள். கோழி இறகு, ஊக்கு, தீக்குச்சி எதுவும் காதுக்குள் போகக் கூடாது. சீழ்க் காதுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து உண்டு. விட்டுவிட்டால் கேட்கும் திறன் குறையும்.

பேச்சை வளர்ப்பது யார்?

பேச்சுக்குத் தனியாக உட்கார்ந்து பாடம் நடத்த வேண்டாம். குளிப்பாட்டும்போது, "கையக் குடு, இப்ப காலு, இந்தா தண்ணி ஊத்துறேன்" என்று சொல்லிக்கொண்டே ஊற்றுங்கள். பிள்ளை "தண்ணி" என்றால், "தண்ணி வேணுமா? இந்தா, சில்லுனு தண்ணி" என்று இரண்டு சொல் கூட்டிக் கொடுங்கள். தப்பாகச் சொன்னால் சிரித்துக் கேலி செய்யாதீர்கள். நீங்கள் சரியாகத் திருப்பிச் சொன்னால் போதும், அது தானே பிடித்துக்கொள்ளும்.

தந்தைமார்களுக்கு ஒரு வார்த்தை. வேலை முடிந்து வந்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை போய் வாருங்கள். ஆடு, கோழி, பஸ், கிணறு எல்லாவற்றையும் காட்டிப் பெயர் சொல்லுங்கள். கால் மணி நேரம் போதும். அந்த நேரத்தில் தாய்க்கும் சிறிது ஓய்வு.

சோறு ஊட்ட செல்போனைக் கையில் கொடுக்கும் பழக்கம் இப்போது கிராமத்திலும் வந்துவிட்டது. செல்போன் பேசும், பிள்ளை சொன்னதற்குப் பதில் சொல்லாது. இரண்டு வயதுப் பிள்ளை நாள் முழுவதும் சேர்த்து ஒரு மணி நேரத்துக்கு மேல் எந்தத் திரையும் பார்க்கக் கூடாது, குறைவாக இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் கூறியிருக்கிறது. பாட்டி காட்டும் நிலாவுக்கு இந்தத் தொல்லை இல்லை.

இந்த வயதில் பிள்ளை "மாட்டேன்" என்று விழுந்து புரண்டு அழும். மனதில் ஆசை நிறைய, சொல்லச் சொற்கள் கொஞ்சம், அந்தக் கோபம்தான். அடிக்காதீர்கள். "பசிக்குதா? அந்தப் பொம்மை வேணுமா?" என்று அதன் மனதில் உள்ளதை நீங்கள் சொல்லிக் காட்டுங்கள். "ஊசிக்காரம்மா வர்றாங்க, ஊசி போடச் சொல்றேன்" என்று பயமுறுத்தவும் வேண்டாம். அப்புறம் எங்கள் செவிலியரின் நிழலைக் கண்டாலே பிள்ளை கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்கிறது!

அடுத்த குழந்தை

ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கர்ப்பத்துக்கும் இடையே குறைந்தது இரண்டு வருடம் இருந்தால் தாயின் உடம்புக்கு நல்லது. இரண்டு வயதுப் பிள்ளைக்கும் மடியும் பேச்சும் வேண்டியிருக்கிறது. காப்பர்-டி, நிரோத், வாரக் கணக்கில் சாப்பிடும் சாயா மாத்திரை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசி ஆகியவை அரசு நிலையங்களில் இலவசம். முதல் பிள்ளைக்குப் பிறவிக் காது கேளாமை இருந்தால், அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே இருவரும் சேர்ந்து மருத்துவரைக் கலந்து பேசுங்கள்.

எங்கே போவது?

முதலில் உங்கள் கிராம சுகாதார செவிலியரிடமோ அங்கன்வாடிப் பணியாளரிடமோ சொல்லுங்கள். 2013-ல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தில் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கே வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கிறது. அவர்கள் வரும் நாளைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். குறை இருப்பதாகத் தெரிந்தால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையத்துக்கு அனுப்புவார்கள். அங்கே காதுப் பரிசோதனையும் பேச்சுப் பயிற்சியும் உண்டு. சில பிள்ளைகளுக்குக் காதில் மாட்டும் கருவி போதும். அது போதாதவர்களுக்குக் காக்ளியர் இம்பிளான்ட் என்னும் கருவியை அறுவை செய்து பொருத்துகிறார்கள். ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இதற்கு வழி உண்டு. அறுவைக்குப் பிறகும் பல மாதங்கள் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்து வர வேண்டும். பாதியில் நிறுத்தினால் கருவி இருந்தும் பயனில்லை.

வரும்போது தாய் சேய் நல அட்டையை எடுத்து வாருங்கள். பிள்ளை சொல்லும் சொற்களை, எப்படிச் சொல்கிறதோ அப்படியே ஒரு தாளில் எழுதிக் கொண்டு வந்தால் மருத்துவருக்கு உதவியாக இருக்கும். எழுதத் தெரியாதவர்கள் மனதில் எண்ணி வந்து சொன்னாலும் போதும்.