கிட்டாரின் இரைச்சலும் ஃபாரடேயின் கூண்டும்

மின்கிட்டாரை ஒலிபெருக்கியுடன் இணைத்தவுடன், தந்தியைத் தொடுவதற்கு முன்பே 'உம்ம்' என்று ஓர் இரைச்சல் எழுவதை நாம் கேட்டிருக்கிறோம். அது எங்கிருந்து வருகிறது? அதைக் குறைப்பது எப்படி? நாம் படிக்கும் இயற்பியல் பாடமே இதற்கு விடை தருகிறது.

கிட்டாரின் தந்திகளுக்குக் கீழே 'பிக்கப்' என்ற உறுப்பு உள்ளது. காந்தங்களின் மேல் தலைமுடி போன்ற மெல்லிய செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான முறை சுற்றிய சுருள் அது. எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் மாறி, சுருளில் சிறு மின்னழுத்தம் தோன்றுகிறது. ஆனால் சுருளும் அதனோடு சேர்ந்த கம்பிகளும் வானொலியின் ஏரியலைப் போலச் சுற்றுப்புறத்து மின்புலங்களையும் பற்றிக்கொள்கின்றன. நம் வீட்டு மின்சாரம் வினாடிக்கு 50 முறை அலைவது. இராயபுரம் முதல் எண்ணூர் வரை உள்ள நம் பகுதியிலோ, குழல்விளக்குகளோடு பட்டறை மோட்டார்களும் வெல்டிங் பொறிகளும் 25,000 வோல்ட்டில் ஓடும் மின்ரயில்களும் உண்டு.

1836-ஆம் ஆண்டில் மைக்கேல் ஃபாரடே, உலோகத்தால் போர்த்திய 12 அடி அறை ஒன்றை அமைத்தார். வெளியே மின்னேற்றம் மிகுந்திருந்தும் உள்ளே அதன் விளைவு இல்லை என்று காட்டினார். கிட்டாரின் குழியில் நாம் செய்வதும் அதுவே.

செய்முறை:

1. கிட்டாரை ஒலிபெருக்கியிலிருந்து கழற்றி, தந்திகளைத் தளர்த்தி, மூடியைத் திறக்கவும்.
2. குழியின் அடி, பக்கங்கள், மூடியின் உட்புறம் ஆகியவற்றில் மெல்லிய செப்புத் தகட்டை ஒட்டவும். ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியவேண்டும். சேரும் இடங்களில் ஈயப்பற்று வைக்கவும்.
3. தகட்டை ஜாக்கின் எர்த் முனையோடு கம்பியால் இணைக்கவும். இணைக்காத தகட்டால் பயனில்லை.
4. ஒலியைக் கொண்டுசெல்லும் கம்பி தகட்டில் படக்கூடாது. பட்டால் ஒலியே வராது.
5. எல்லாத் துண்டுகளும் தொடர்பில் உள்ளனவா என்று மல்டிமீட்டரால் சோதிக்கவும்.

இதனால் மின்புலத்தால் வரும் இரைச்சல் நன்கு குறையும். ஆனால் காந்தப்புலத்தால் வரும் 'உம்' ஓசையை மெல்லிய செம்பு தடுக்காது. அதற்காகவே கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர், எதிரெதிராக இயங்கும் இரு சுருள்கள் கொண்ட 'ஹம்பக்கர்' பிக்கப்பை வடிவமைத்து, 1955-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அதில் இரு சுருள்களின் இரைச்சலும் ஒன்றையொன்று அழிக்கும். தந்தியின் ஒலியோ கூடும்.

ஓர் எச்சரிக்கை. இரைச்சல் நிற்கும் என்று எண்ணிச் சிலர் மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை நீக்கிவிடுகின்றனர். இது உயிருக்கே ஆபத்து. 1972-இல் பிரிட்டனின் ஸ்வான்சீ நகரில் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, எர்த் சரியில்லாத ஒலிவாங்கியைத் தொட்டு மேடையிலேயே மின்சாரம் தாக்கி இறந்தார்.

ஆகவே, பாடகர் குழுவில் கிட்டார் இசைக்கும் தோழியரே, முதலில் எர்த்தைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்; அதன் பிறகு செப்புத் தகட்டை ஒட்டலாம்.