முதலில் நிழல், பிறகு மண்

அன்புள்ள பிள்ளை,

உன்னுடைய கடிதமும் கையேடும் கிடைத்தன. புளியங்குளத்தில் முன்பள்ளிப் பிள்ளைகளையும் தாய்மாரையும் ஒன்றாகச் சேர்த்து, கட்டடத்துக்கு வெளியே மண், நிறம், பாட்டு, விளையாட்டு என்று உளநல வேலை தொடங்கப் போகிறாய் என்பதில் எனக்குப் பெரிய சந்தோசம். வன்னிக்கு இது தேவை. நாலு சுவருக்குள் கதிரையில் இருத்தி "உங்களுக்கு என்ன நடந்தது?" என்று கேட்டால் எங்கள் சனம் "ஒண்டுமில்லை" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போய்விடும். அதே மனுசி முற்றத்தில் இருந்து கச்சான் உடைக்கும்போது, யாரும் கேளாமலே பாதி வாழ்க்கையைச் சொல்லுவாள்.

கையேட்டில் ஒரு பயிற்சியை மட்டும் நீ எடுத்துவிட வேண்டும். மரங்களுக்கு நடுவில் கண்ணை மூடி நின்று, காட்டின் சத்தங்களைக் கேட்கச் சொல்கிறது. அதை எழுதியவர்களுக்குக் காடு என்றால் ஆறுதல். நெடுங்கேணி வீதியில் இருந்து வருகிற ஒரு தாய்க்கு அது அப்படி இருக்க வேண்டியதில்லை.

நீ யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவள், அதனால் சொல்கிறேன். 1997 மே 13 அன்று ஜெயசிக்குறு என்ற படை நடவடிக்கை தொடங்கியது. வவுனியாவில் இருந்து கிளிநொச்சி வரை ஏ9 பாதையைப் பிடிப்பதுதான் படையினரின் நோக்கம். அந்தப் பாதையில் புளியங்குளத்துக்காக மாதக்கணக்கில் சண்டை நடந்தது. சனம் வீடு வளவை விட்டுக் காடும் ஒழுங்கையுமாகப் போனது. அதற்குப் பிறகு 2008, 2009 இறுதிப்போர். கிழக்கே முள்ளிவாய்க்கால் வரை ஓட்டம், பிறகு செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம். அந்த முகாம் மூடப்பட்டது 2012 செப்டெம்பரில்தான். ஆகவே இந்தப் பகுதி ஆட்களுக்குக் காடு ஒளித்திருந்த இடம். கூட வந்த ஆளைத் தொலைத்த இடம். விறகும் தேனும் பாலைப்பழமும் தந்து உயிரைக் காத்த இடமும் அதுதான். இதில் எது யாருக்கு மேலே கிளம்பும் என்று உனக்கும் தெரியாது, அவளுக்கே முன்கூட்டித் தெரியாது. ஆனபடியால் கண்ணை மூடச் சொல்லாதே. முதுகுக்குப் பின்னால் சுவரோ மரமோ இருக்கிற மாதிரி இருக்கவிடு. வெளியே போகும் வழி எல்லோருக்கும் தெரிய வேண்டும். ஒருத்தி எழும்பிப் போனால் பெயர் சொல்லிக் கூப்பிடாதே. உன்னோடு நிற்கிறவர் ஒருவர் தண்ணீரோடு போய், கொஞ்சம் தள்ளி நின்றால் போதும்.

பிள்ளைகள் மண்ணைக் கண்டால் குழிதான் தோண்டுவார்கள். அது அவர்களுக்குக் கிணறு, முயல் பொந்து, கேக். பக்கத்தில் இருக்கிற தாய்க்கு அது பங்கராக இருக்கலாம். பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துத் தூக்கிக்கொண்டு போகிற தாய்மாரை நான் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் விளக்கம் சொல்ல வேண்டாம். சிரட்டையை எடுத்து மண்ணை நிரப்பிக் கவிழ்த்து இட்டலி செய். விளையாட்டு கீழே போகாமல் மேலே வரட்டும். பிள்ளையும் அழாது, தாயும் இருப்பாள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார். உன்னிடம் வரப்போகிற நாலு வயதுப் பிள்ளை சண்டையைக் கண்டதில்லை. அதன் தாய்க்கு இருபத்தெட்டு என்று வை. 2009 மே மாதம் அவள் பத்து, பன்னிரண்டு வயதுப் பெட்டை. எட்டுக்கோடு கீறிக் கெந்தி விளையாட வேண்டிய வயதில் தறப்பாளுக்குக் கீழே இருந்து, தண்ணீருக்கு வரிசையில் நின்றவள். பேராசிரியர் தயா சோமசுந்தரம் 'கூட்டு மனவடு' என்று எழுதியதை வாசித்திருப்பாய். போர் தனி ஆளை மட்டும் அல்ல, குடும்பத்தையும் ஊரையும் ஆளுக்கு ஆள் வைத்திருந்த நம்பிக்கையையும் சேர்த்தே உடைத்தது என்பது அவருடைய வாதம். அதை நாலு வயதுப் பிள்ளையின் வீட்டில் வைத்துப் பார். சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடுகிற தாயின் மடியில் இருக்கிற பிள்ளை, ஏன் என்று தெரியாமலே அந்தத் திடுக்கிடலைப் பழகிக்கொள்ளும். உன்னுடைய கையேடு தாயைப் 'பார்வையாளர்' என்று ஓரத்தில் ஒரு கதிரையில் வைக்கிறது. அந்தக் கதிரையை எடுத்துவிடு. அவளும் களி பிசையட்டும், பிள்ளையைவிடப் பெரிய பானை செய்யட்டும், பிள்ளை தோற்கட்டும், இருவரும் சண்டை பிடிக்கட்டும். அவளுக்குக் கிடைக்காமல் போன விளையாட்டை இப்போது அவளுக்குக் கொடுக்கலாம். பிள்ளைக்குச் செய்கிற உதவியில் பெரும்பகுதி அதுதான் என்பது என் துணிபு.

முன்மாதிரிக்கு நீ வெளிநாட்டைத் தேட வேண்டியதில்லை. மட்டக்களப்பில் 1996இல், சண்டை நடந்துகொண்டிருந்த நேரத்திலேயே, வண்ணத்துப்பூச்சிப் பூங்கா தொடங்கியது. கனடாவைச் சேர்ந்த கலைஞர் போல் ஹோகனும் இயேசுசபைக் குருவான போல் சற்குணநாயகம் அடிகளாரும் அதன் பின்னால் நின்றவர்கள். ஒருவரை ஒருவர் பயந்து வாழ்ந்த தமிழ், முஸ்லிம் ஊர்களின் பிள்ளைகள் ஒரே தோட்டத்துக்கு வந்தார்கள். களிமண், நிறம், கதை, நாடகம், செடி, வளர்ப்பு மிருகங்கள். அங்கே வேலை செய்தவர்கள் அந்த மண்ணின் இளைஞர், யுவதிகள், போரைக் கண்டவர்கள். என்னை அந்தப் பூங்காவில் இழுத்தது அதன் நிதானம். பிள்ளைகள் ஒருநாள் வந்து படம் கீறிவிட்டுப் போய்விடவில்லை. மாதக்கணக்காகத் திரும்பத் திரும்ப வந்தார்கள். நீ ஆறு வாரத் திட்டம் என்று எழுதியிருக்கிறாய். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

படம் கீறுவிக்கும்போது "சண்டையைக் கீறு", "உன் கவலையைக் கீறு" என்று தலைப்புக் கொடுக்காதே. பிரீடில் டிக்கர்-பிராண்டைஸ் என்று ஒரு ஓவிய ஆசிரியை இருந்தார். ஜெர்மனியின் பவ்ஹவுஸ் கலைப்பள்ளியில் படித்த யூதப் பெண். நாசிகள் அவரை 1942 டிசம்பரில் தெரேசின் தடுப்பு முகாமுக்கு அனுப்பினார்கள். அங்கே பிள்ளைகளுக்குப் படம் கீறப் பழக்கினார். பூச்சாடி, வீட்டு அறை, யன்னல், ஒட்டுப்படம், நிறங்களின் தாளம் இவைதான் பெரும்பாலும் பாடம். முகாமுக்குள் இருந்த பிள்ளை, பென்சிலைப் பிடித்திருந்த நேரமாவது தான் என்ன கீறுவது என்று தானே தீர்மானித்தது. 1944 ஒக்டோபரில் அவரை அவுஷ்விட்சில் கொன்றுவிட்டார்கள். இரண்டு சூட்கேசுகளில் அவர் விட்டுப்போன சுமார் 4,500 படங்கள் பிராக் நகர யூத அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பல படங்களின் மூலையில் பிள்ளையின் பெயர் உண்டு. பெயர் எழுதுவிக்கிற அந்தப் பழக்கத்தை நீயும் வைத்திரு. பிள்ளையின் படம் பிள்ளைக்கு. அறிக்கைக்குப் படம் கேட்பார்கள், நிதி தருகிறவர்கள் அழுகிற பிள்ளையின் சித்திரத்தை விரும்புவார்கள். கொடுக்காதே. இதில் நீ பிடிவாதமாக இருக்க வேண்டும்.

உற்சாகத்தோடு இதையும் வாசி. 2012இல் வீட்சே டோல் என்ற ஆய்வாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் வடஇலங்கைப் பள்ளிகளில் செய்த ஆய்வு ஒன்று வெளிவந்தது. 399 பிள்ளைகள், ஐந்து வாரத்தில் 15 அமர்வுகள், பாட்டும் நாடகமும் விளையாட்டும் கலந்த, உன்னுடையதைப் போன்ற திட்டம்தான். பிள்ளைகளின் நடத்தைப் பிரச்சினைகள் குறைந்தன. ஆனால் மனவடு, மனச்சோர்வு போன்ற முக்கிய அறிகுறிகளில் மொத்தமாகப் பெரிய மாற்றம் வரவில்லை. இன்னும் ஒன்று: திட்டத்தில் சேர்ந்த பெண்பிள்ளைகளுக்கு மனவடு அறிகுறிகள் குறைந்த அளவு, சேராமல் காத்திருந்த பெண்பிள்ளைகளுக்குக் குறைந்ததைவிடக் குறைவு. வெளியே இன்னும் நெருக்கடியில் வாழ்ந்த பிள்ளைகளுக்கும் பலன் சிறிதாகவே இருந்தது. இதை வாசித்து வேலையை விட்டுவிடச் சொல்லவில்லை. பாட்டும் விளையாட்டும் எப்போதும் நல்லதுதானே என்று நினைத்துக்கொண்டு போகாதே என்கிறேன். வீட்டில் கடனும் குடியும் அடியும் இருக்கும்போது நிழலில் இருந்து பூக் கீறுவதால் மட்டும் ஒரு பிள்ளைக்கு நித்திரை வராது. அந்தத் தாயைக் கூட்டிக்கொண்டு பிரதேச செயலகத்துக்குப் போவதும் உன்னுடைய சிகிச்சைதான்.

கதை சொல்வது கூடாது என்று நான் சொல்வதாக எண்ணாதே. சுனாமிக்குப் பிறகு வடகிழக்கில் 31 பிள்ளைகளோடு செய்த ஆய்வொன்று 2009இல் வந்தது. ஒரு பகுதியினர் ஆறு அமர்வுகளில் தங்கள் கதையைத் தொடக்கத்தில் இருந்து முடிவு வரை சொன்னார்கள். மற்றவர்கள் தியானமும் தளர்வுப் பயிற்சியும் செய்தார்கள். ஆறு மாதம் கழித்து இரு பக்கத்திலும் பெரும்பாலானோர் தேறியிருந்தார்கள்: முதல் பகுதியில் 81 வீதம், இரண்டாவதில் 71 வீதம். ஆனால் அது பயிற்சி பெற்றவர், தனியாக, தொடங்கியதை முடித்துவைக்கிற வேலை. இருபது பேர் வட்டமாக இருக்கிற மரநிழலில் ஒருத்தியின் கதையைக் கிளறிவிட்டு, பஸ் வருகிறது என்று நிறுத்துவது வேறு. அதைச் செய்யாதே.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மாரும் மனைவிமாரும் உன் வட்டத்துக்கு வருவார்கள். பேரப்பிள்ளையோடு அம்மம்மா வருவா. எங்கள் ஊரில் துக்கத்துக்கு ஒப்பாரி இருக்கிறது, எட்டுச் செலவு, அந்தியேட்டி இருக்கிறது. ஆனால் இந்தத் தாய்மாராலும் மனைவிமாராலும் அழுது முடிக்க முடியாது. அழுதால் ஆள் இல்லை என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். ஆகவே "விடைகொடுப்போம்" என்று மெழுகுதிரி ஏற்றுகிற, பெயர் எழுதித் தண்ணீரில் விடுகிற பயிற்சிகள் அவர்களுக்கு ஆகாது. மகனுக்குப் பிடித்த சாப்பாட்டைப் பற்றிக் கதைக்கலாம். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு அவனைத் தோளில் வைத்துப் போன கதையைச் சொல்லுவா. அவன் இருக்கிறான் என்றோ இல்லை என்றோ நீ ஒரு சொல்லும் சொல்ல வேண்டாம்.

இடம் பார்க்கும்போது ஊர்ப் பெரியவர்களைக் கேள். புளிக்குக் கீழே பிள்ளைகளை இருத்தச் சம்மதிக்க மாட்டார்கள். வாதாடாதே, வேம்போ மாவோ கிடைக்கும். கண்ணிவெடி அகற்றும் வேலை வன்னியில் இன்னும் முழுதாக முடியவில்லை. கிராம அலுவலரிடம் கேட்டு, சனம் நாளாந்தம் புழங்குகிற வளவையே எடு. இலை பொறுக்க என்று பிள்ளைகளைப் பற்றைக்குள் அனுப்பாதே. காலையில் தொடங்கிப் பத்து மணிக்குள் முடி, சோளகம் வீசுகிற மாதங்களில் இன்னும் முந்தி. கொழும்பில் இருந்து பெட்டியில் வருகிற விளையாட்டுச் சாமான் வேண்டாம். குளத்துக் களி, சிரட்டை, பனையோலை, கரி, மஞ்சள், செங்கல் தூள் போதும்; வீட்டுக்குப் போன பிறகும் விளையாடலாம்.

ஒருத்தி வாரக்கணக்காக நித்திரை இல்லை என்றால், சாக வேண்டும் என்று கதைத்தால், பிள்ளையை மறந்து இருந்தால், களிமண்ணோடு நிற்காதே. வவுனியா வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு நீயே கூட்டிக்கொண்டு போ. இரவில் என்றால் 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கம் இருக்கிறது. அதை ஒவ்வொரு தாயின் போனிலும் பதிந்து கொடு.

இனி அந்த ஆறு வாரம். நீ போன பிறகு அங்கே நிற்கப் போகிறவர் முன்பள்ளி ஆசிரியை. சொற்பச் சம்பளத்துக்கு, அந்தப் பிள்ளைகளின் பெயரும் வீட்டு நிலைமையும் தெரிந்து வேலை செய்கிறவர். அவரை உதவியாள் ஆக்காதே. திட்டத்தை அவரோடு இருந்து எழுது, அவருக்கு ஒரு கொடுப்பனவு கேட்டு வாங்கு, மூன்றாம் வாரத்தில் இருந்து அவர் நடத்த நீ பக்கத்தில் இரு. அவர் சம்மதிக்காவிட்டால் தொடங்கவே வேண்டாம், இன்னும் ஒரு மாதம் பொறு. பதில் எழுதும்போது அவர் என்ன சொன்னார் என்பதை முதலில் எழுது.

அன்புடன்,
சின்னம்மா