சொல்லால் ஒரு வாள்சண்டை

1984-இல் வந்த 'கிங்ஸ் குவெஸ்ட்' கம்ப்யூட்டர் விளையாட்டில் ஒவ்வொரு கட்டளையையும் டைப் அடிக்கணும். 1987-இல் 'மேனியாக் மேன்ஷன்' வந்தது. திற, எடு, கொடு என்ற சொற்கள் திரையிலேயே இருந்தன. அவற்றைத் தேர்ந்தெடுத்தால் போதும்!

அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ரான் கில்பர்ட், 1990-இல் 'மங்கி ஐலண்ட்' விளையாட்டைத் தந்தார். மாமா அந்தக் காலத்தில் ஆடியது. 'ஸ்கம்விஎம்' என்ற இலவச மென்பொருளால் இப்போ நானும் ஆடுகிறேன்.

அதில் வாள்சண்டையில் ஜெயிக்க, கை வேகம் வேண்டாம். எதிரியின் கிண்டலுக்குச் சரியான பதிலடி தெரிந்தால் போதும். தோற்றாலும் உயிர் போகாது; புதுசா ஒரு கிண்டலைக் கற்றுக்கொண்டு அடுத்த ஆளிடம் போகலாம். அந்தத் தைரியத்தில்தான் எல்லாவற்றையும் முயன்று பார்த்தேன்.

வகுப்பிலும் அப்படித்தானே? தப்பான பதிலுக்கு உயிரா போயிடும்? கையைத் தூக்குங்க!